வால்காவிலிருந்து வெள்ளாறு வரை

எங்கள் ஊர்ப் பெயர் கருவில் தொடங்குகிறது. கருவேப்பிலங்குறிச்சி. அப்படிப்பட்ட ஊரில் பிறந்துவிட்டு, படம் வரைய ஒரு கரு அகப்படவில்லையே என்று பதினைந்து வயதில் நான் அலைந்த அலைச்சல் கொஞ்சநஞ்சமல்ல. கறிவேப்பிலையை எங்கள் பக்கம் கருவேப்பிலை என்றுதான் சொல்வோம். குழம்பில் போட்டுக் கொதிக்கவிட்டு, இலைக்கு வந்ததும் விரலால் ஓரத்துக்குத் தள்ளுவோம். ஊரையும் நான் அப்படித்தான் தள்ளினேன்.

விருத்தாசலத்திலிருந்து ஜெயங்கொண்டம் போகிற சாலையில், வெள்ளாற்றுப் பக்கம் இருக்கிற ஊர். 1983இல் நான் ஒன்பதாவது படித்தேன். ஜூன் மாதம் வந்தால் பாடப்புத்தகத்துக்கு அட்டை போட வேண்டும். அட்டைக்கு வழவழப்பான தாள் வேண்டும். அந்தத் தாளை எங்களுக்கு வாரி வழங்கியது சோவியத் நாடு. உழைக்கும் வர்க்கத்தின் வெற்றிகளை விளக்க மாஸ்கோ நடத்திய இதழ், தமிழ்நாடு முழுக்கப் பள்ளிப் பிள்ளைகளின் புத்தகத்தை எண்ணெய்க் கையிலிருந்து காப்பாற்றிக்கொண்டிருந்தது. என் கணக்குப் புத்தகத்துக்கு அந்த வருஷம் வாய்த்தது ஓர் ஓவியம். மணல் கரையில் கந்தல் உடுத்திய ஆட்கள் மார்பில் வார் மாட்டிக்கொண்டு படகை இழுக்கிறார்கள். எல்லார் தலையும் தொங்கிக்கிடக்க, ஒரு பையன் மட்டும் வாரைக் கையால் விலக்கிக்கொண்டு நிமிர்ந்து எங்கோ பார்க்கிறான். இல்யா ரேபின் 1870லிருந்து 1873 வரை வரைந்த, வால்கா நதியில் படகிழுப்பவர்களின் படம். கணக்கு வாத்தியார் போர்டில் என்ன எழுதினார் என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. அந்தப் பையனின் கழுத்து எந்தக் கோணத்தில் திரும்பியிருந்தது என்பது தெரியும்.

ஒரு சங்கதி. அட்டை போட்டதில் மடிப்புக்குள் நான்கு பேர் போய்விட்டார்கள். எனக்குத் தெரிந்த ரேபின் படத்தில் ஏழு பேர்தான். மொத்தம் பதினொரு பேர் என்று தெரிந்துகொள்ள எனக்கு நாற்பது வயது தாண்ட வேண்டியிருந்தது.

ஓவிய வாத்தியார் ஒருவர் இருந்தார். ஆனந்த விகடனில் சில்பி வரைந்த தென்னாட்டுச் செல்வங்கள் பக்கங்களைக் கத்தரித்து, கோந்து போட்டு ஒட்டி, காலிகோ அட்டையில் பைண்டு செய்து வைத்திருந்தார். சில்பி கோயில் கோயிலாகப் போய்ச் சிலைக்கு எதிரே உட்கார்ந்து கோடு கோடாக வரைந்தவர். கழுத்தில் கிடக்கிற மணியைக்கூடக் குறைக்க மாட்டார். வாத்தியார் அந்தப் பைண்டைத் திறந்து காட்டும்போதெல்லாம், “பாத்து வரைடா” என்பார். நான் பார்த்து வரைந்தேன், பைண்டை. சிலைக்கு எதிரே போய் உட்காரு என்பதைத்தான் அவர் சொல்லியிருக்கிறார் என்று எனக்கு அப்போது உறைக்கவில்லை. அவர் வைத்திருந்த கத்தரிப்புகளில் விருத்தாசலம் கோயில் இல்லை. இல்லாததால், அது சாமி கும்பிடுகிற இடம், கலை வேறெங்கோ இருக்கிறது என்று முடிவு கட்டிவிட்டேன்.

அந்தக் கோயிலுக்கு எங்கள் ஊரிலிருந்து சைக்கிள் மிதித்தால் ஒரு மணி நேரம். கோபுரம், கொடிமரம், நந்தி, தேர் என்று எதை எண்ணினாலும் ஐந்து ஐந்தாக இருக்கிற பழமலைநாதர் கோயில். அம்மா வெள்ளிக்கிழமை தவறாமல் பஸ் ஏறுவாள்; துணைக்கு நான். அவள் ஆழத்துப் பிள்ளையாருக்குப் படியிறங்கிக் கும்பிட்டு, மேலே ஏறி, பிரகாரம் சுற்றி, தெரிந்தவர்களிடம் குசலம் விசாரித்து முடிக்க ஒரு மணி நேரத்துக்கு மேலாகும். அதுவரை சுவரோரம் ஒரு கோஷ்டத்துக்குக் கீழே உட்கார்ந்துகொள்வேன். சித்திரை வெயிலிலும் அந்த இடத்தில் கல் சில்லென்றிருக்கும். முதுகைச் சாய்த்துக்கொண்டு, கணக்குப் புத்தகத்தை முழங்காலில் நிறுத்தி, வால்கா நதியை வரைந்துகொண்டிருப்பேன். தலைக்கு மேலே என்ன சாமி என்று நிமிர்ந்து பார்த்ததில்லை. “பாதி அம்மா, பாதி அப்பாடா, கும்புட்டுக்க” என்று அம்மா ஒரு தடவை சொன்னாள். கும்பிட்டேன். கும்பிடும்போது கண்ணை மூடிக்கொள்வது வழக்கம்.

கோடை விடுமுறையில் விருத்தாசலம் செராமிக் எஸ்டேட்டில் ஒரு பொம்மைக் கம்பெனியில் வேலைக்குப் போனேன். நெய்வேலியில் பழுப்பு நிலக்கரிக்கு மேலே கிடக்கிற வெள்ளை மண் பக்கத்திலேயே கிடைப்பதால் எங்கள் தாலுகாவில் பீங்கான் பிழைப்பு. மண்ணைக் கரைத்துக் கூழாக்கினால் அதற்குப் பெயர் சிலிப். பாரிஸ் சாந்து அச்சுக்குள் அதை ஊற்றி வைத்தால், அச்சு தண்ணீரைக் குடித்துவிடும். ஓரத்தில் மண் தோலாகப் படியும். மிச்சக் கூழைக் கவிழ்த்துக் கொட்டிவிட்டு, கொஞ்ச நேரம் ஆறவிட்டு அச்சைப் பிரித்தால், உள்ளே வெறுமையும் வெளியே புன்னகையுமாக ஒரு புத்தர். தையல் ஓரத்தைக் கத்தியால் சுரண்டி, ஈர ஸ்பாஞ்சால் துடைத்து, காயவைத்து ஒரு சூடு. பிறகு வண்ணம், பளபளப்புப் பூச்சு, மறுபடி சூடு. என் வேலை கண் எழுதுவது. கறுப்பாகப் பூசுகிற கோபால்ட் சூளைக்குள் போய் நீலமாக வெளியே வருவதை முதல் தடவை பார்த்தபோது, ராத்திரி தூக்கம் வரவில்லை. நாம் போடுகிற வண்ணம் நாம் பார்க்கிற வண்ணமில்லை என்பதைப் பதினைந்து வயதுப் பையனுக்கு அதைவிட அழுத்தமாக யார் சொல்லிவிட முடியும்?

அங்கே நான் கற்றுக்கொண்ட இன்னொரு சங்கதியைத்தான் இப்போது அடிக்கடி நினைக்கிறேன். அச்சு என்றைக்கும் அச்சாகவே இருக்காது. ஊற்ற ஊற்றத் தேயும். முதலில் போவது மூக்கு, அப்புறம் விரல் இடுக்கு. புது அச்சு எடுக்க மூலப் பொம்மை வேண்டும். மூலத்தைச் செய்த ஆள் போய்ச் சேர்ந்திருப்பார், மூலமும் எங்கோ உடைந்திருக்கும். முதலாளி என்ன செய்வார்? விற்பனைக்கு வைத்திருக்கிற பொம்மை ஒன்றை எடுத்து அதிலிருந்தே அச்சு போட்டுவிடுவார். மண் காயும்போது கொஞ்சம், சூளையில் கொஞ்சம் என்று பத்தில் ஒரு பங்கு சுருங்கிவிடும். ஒரு அடி மூலத்திலிருந்து இப்படியே எடுத்துக்கொண்டு போனால் மூன்றாம் தலைமுறை வள்ளுவர் ஒன்பது அங்குலம்கூட இருக்க மாட்டார். தாடி மழுங்கி மார்போடு மார்பாகியிருக்கும். கையிலிருக்கும் ஏடு, பார்ப்பவர் மனசைப் பொறுத்து ஏடாகவோ இடியாப்பத் தட்டாகவோ தெரியும். அந்த வள்ளுவரே வேணுகோபால் சர்மா மனசில் கண்டு எழுதிய முகம். அந்தப் படத்தைப் பார்த்து ஒருவர் சிலை செய்ய, சிலையைப் பார்த்து ஒருவர் பொம்மை செய்ய, பொம்மையிலிருந்து அச்சு, அச்சிலிருந்து பொம்மை. கடைசியில் நான் ஒரு டஜனுக்கு இத்தனை பைசா என்று கண் எழுதினேன்.

அந்த வருஷம் ஓர் அமைப்பு மாவட்ட அளவில் ஓவியப் போட்டி வைத்தது. தலைப்பு உழைப்பு. என்னைவிடத் தயாராக இருந்தவன் மாவட்டத்திலேயே கிடையாது. வால்காவிலிருந்து கங்கை வரை என்று ராகுல சாங்கிருத்தியாயன் புத்தகம் ஊர் நூலகத்தில் இருந்தது. நான் அதைவிடக் குறுக்கு வழியில் வால்காவை வெள்ளாற்றுக்குக் கொண்டுவந்தேன். ஏழு பேர், ஒரு படகு, ஒரு கயிறு. எல்லாருக்கும் ரஷ்யத் தாடி, இடுப்பில் நம்மூர் வேட்டி. நிமிர்ந்து பார்க்கிற பையனுக்கு மட்டும் என் முகத்தைக் கொடுத்தேன். கரும்பு ஏற்றிப் பெண்ணாடம் பக்கம் ஆலைக்குப் போகிற மாட்டு வண்டிகள் எங்கள் வாசல் வழியாகத்தான் அச்சு கிறீச்சிட்டுப் போகும். அறுவடைக் காலத்தில் வரிசை ராத்திரியிலும் ஓயாது. லாந்தர் ஆட ஆட, வண்டிக்காரர்கள் உட்கார்ந்தபடியே தூங்கிக்கொண்டு போவார்கள். ஒரு வண்டியைக்கூட நான் வரையவில்லை. மாடு எப்படி உழைப்பாகும்?

நடுவர் படத்தை நெடுநேரம் பார்த்தார். “ஏந்தம்பி, இது எந்த ஆறு?”

“வெள்ளாறுங்க ஐயா.”

“வெள்ளாத்துல தண்ணி ஏது? மணல்லயா படகை இழுக்கறாங்க? ஏழு பேரு இருக்காங்க, பேசாம தோள்ல தூக்கிட்டுப் போவலாமே.”

மண்டபமே சிரித்தது. ஆறுதல் பரிசு கொடுத்தார்கள். வண்ணத்தாளைப் பிரித்தால் உள்ளே ஒன்பது அங்குல வள்ளுவர். இடது கண் சற்றே மேலே ஏறியிருந்தது. என் கைதான், எனக்குத் தெரியாதா?

அதற்கப்புறம் நடந்தவற்றை வேகமாகச் சொல்லிவிடலாம். ஓவியக் கல்லூரிக்குப் போக வசதியில்லை. சைன்போர்டு எழுதினேன், கட்சிக்காரர்களுக்குச் சுவர் எழுதினேன், சினிமாவுக்கு பேனர் எழுதினேன். பிளக்ஸ் வந்தது, தூரிகையை டர்பன்டைனில் ஊறப்போட்டவன் திரும்ப எடுக்கவேயில்லை. இப்போது விருத்தாசலத்தில் பிளக்ஸ் கடை வைத்திருக்கிறேன். காதுகுத்துக்கு வருகிறவர்கள் பிள்ளையைச் சிங்காசனத்தில் உட்காரவைக்கச் சொல்கிறார்கள். சிங்காசனம் ஒரு சினிமாவிலிருந்து, யானை இன்னொரு சினிமாவிலிருந்து, வானம் எங்கிருந்தோ. கருவுக்கு நான் அலைவதில்லை; கரு வாட்ஸப்பில் வருகிறது.

இந்த இடத்தில் ஒரு பொறாமையை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். எங்கள் பக்கத்து எழுத்தாளர்கள் இப்படி அலையவில்லை. கண்மணி குணசேகரன் முந்திரிக்காட்டையும் பஸ் டெப்போவையும் விட்டு நகராமல் எழுதினார். ஊரார் பேசுகிற சொல்லையெல்லாம் பொறுக்கி நடுநாட்டுச் சொல்லகராதி என்று ஒன்றையே போட்டுவிட்டார். இமையம் இதே விருத்தாசலத்தில் இருந்துகொண்டு எழுதி சாகித்திய அகாதெமி வாங்கினார். அவர்கள் வாசலில் உட்கார்ந்திருந்தார்கள். அதே வாசலில்தான் நானும் இருந்தேன், கணக்குப் புத்தகத்தின் அட்டையைப் பார்த்துக்கொண்டு.

அண்ணன் பேத்தி கும்பகோணத்தில் ஓவியம் படிக்கிறாள். போன விடுமுறையில் வந்தவள் கடையில் என் எதிரே உட்கார்ந்து செல்போனைத் தேய்த்துக்கொண்டேயிருந்தாள். கலை வரலாற்றிலிருந்து ஒரு கரு எடுத்து, அதைத் தன் படமாக்கிக்கொண்டு வர வேண்டுமாம்.

“ஒண்ணுமே கெடைக்கல, சின்ன தாத்தா.”

எனக்குச் சிரிப்பு வந்தது. நான் அலைந்த காலத்தில் உலகக் கலை வரலாறு என்பது ஒரு கணக்குப் புத்தக அட்டை. அவள் கையில் ஆம்ஸ்டர்டாம், நியூயார்க், பாரிஸ் மியூசியங்கள் அத்தனையும் இருக்கின்றன. இரண்டு விரலை விரித்தால் ரெம்பிராண்ட் பூசிய சாயத்தின் விரிசல்கூடத் தெரிகிறது. எனக்கு ஒன்றுதான் இருந்தது, அதனால் அதைப் பிடித்துக்கொண்டேன். அவளுக்குப் பத்து லட்சம் இருக்கிறது, எதைப் பிடிப்பாள்? கையில் தூண்டிலும் இல்லாமல் கடலுக்கு நடுவில் விட்ட மாதிரி உட்கார்ந்திருக்கிறாள்.

“பாத்து வரையறது தப்பில்லியா?” என்று கேட்டேன். வள்ளுவர் பொம்மையின் ஞாபகம்.

அவள் எனக்குப் பாடம் எடுத்தாள். ரெம்பிராண்ட் இந்தியாவுக்கு வந்தவரே இல்லையாம். ஆனால் கப்பலேறி ஹாலந்துக்குப் போன முகலாயச் சிற்றோவியங்களைப் பார்த்து 1650களின் கடைசியில் இருபதுக்கும் மேல் வரைந்து வைத்திருக்கிறாராம். வான்கோ ஹிரோஷிகே என்கிற ஜப்பான்காரரின் மழைப் படத்தை 1887இல் அப்படியே எண்ணெய் வண்ணத்தில் போட்டாராம். பிக்காசோ 1957இல் கதவைச் சாத்திக்கொண்டு, வெலாஸ்கெத்தின் ஒரே படத்தைத் திருப்பித் திருப்பிப் போட்டதில் ஐம்பத்தெட்டு கான்வாஸ் ஆனதாம். தஞ்சாவூரில் நாயக்கர்கள் சோழர் ஓவியத்தின்மேலேயே காரை பூசி வரைந்துவிட்டார்கள். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்து எஸ்.கே. கோவிந்தசாமி 1931இல் கண்டுபிடிக்கும்வரை ராஜராஜன் காலத்து ஆட்கள் உள்ளே மூச்சுப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார்கள்.

“அப்ப அது திருட்டு இல்ல?”

“மேற்கோள், தாத்தா.”

நாற்பது வருஷம் கழித்து எனக்கும் ரெம்பிராண்டுக்கும் ஒரே கட்சி கார்டு கிடைத்துவிட்டது. அவரும் கப்பலில் வந்ததைப் பார்த்து வரைந்தவர், நானும் மாஸ்கோவிலிருந்து வந்ததைப் பார்த்து வரைந்தவன். வித்தியாசம் ஒன்றுதான். முகலாயப் படத்தைப் பார்த்து வரைந்த கையோடு அவர் எதிரே இருந்த ஆம்ஸ்டர்டாமையும் வரைந்தார்.

கே.சி.எஸ். பணிக்கரைப் பற்றியும் சொன்னாள். சென்னை ஓவியக் கல்லூரி முதல்வராக இருந்தவர், 1966இல் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தைத் தொடங்கியவர். ஐரோப்பாவையெல்லாம் கரைத்துக் குடித்துவிட்டு, 1963லிருந்து சொற்களும் குறியீடுகளும் என்று ஒரு வரிசை ஆரம்பித்தார். படம் முழுக்க ஜாதகக் கட்டமும் எழுத்தும் கணக்கும். செல்போனில் காட்டினாள். எங்கள் வீட்டுத் தகரப் பெட்டியில் மஞ்சள் தடவி, துணியில் சுற்றி வைத்திருந்த என் ஜாதகம் மாதிரியே இருந்தது. அதைப் பூச்சி அரித்து 1990இல் ஆற்றில் விட்டோம். விட்டது நான்தான்.

பேச்சு இப்படிப் போய்க்கொண்டிருக்கையில் சட்டென்று, “இது உங்க ஊர் கோயில் சிலைதானே?” என்று போனை நீட்டினாள்.

கறுப்பு வெள்ளைப் படம். கோஷ்டத்துக்குள் அர்த்தநாரீசுவரர். புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தார் பல பத்தாண்டுகளுக்கு முன் ஊர் ஊராகப் போய் எடுத்து வைத்திருந்த படங்களில் ஒன்று. அதற்குப் பக்கத்தில் இன்னொரு படம். அதே சிலை, வண்ணத்தில், மியூசியத்து வெளிச்சத்தில். சிட்னியில் இருக்கிற நியூ சவுத் வேல்ஸ் கலைக்கூடம் 2004இல் நியூயார்க் வியாபாரி சுபாஷ் கபூரிடமிருந்து வாங்கியது. இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோதுதான் சிலை திருடுபோன குட்டு உடைந்தது. 2014 செப்டம்பரில் ஆஸ்திரேலியப் பிரதமர் டோனி அபட் டெல்லிக்கு வந்து, நரேந்திர மோடியிடம் அதைத் திருப்பிக் கொடுத்தார். கூடவே ஸ்ரீபுரந்தான் நடராசரும் வந்தார். அவர் அரியலூர் மாவட்டத்துக்காரர், எங்களுக்கு ஆறு தாண்டிய உறவு. கான்பெராவில் ஐம்பது லட்சம் அமெரிக்க டாலருக்கு விலைபோனவர். 2016இல் பிரத்தியங்கிரா ஒருத்தி கான்பெராவிலிருந்து திரும்பினாள், அவளும் எங்கள் கோயில்காரிதான்.

செய்தி எனக்குப் புதிதல்ல. அப்போதே பேப்பரில் படித்தவன்தான். அதை ஒட்டி, மோடியும் அபட்டும் சிலையும் இருக்கிற படத்தைப் போட்டு பிளக்ஸ் அடிக்கச் சொல்லி ஒருவர் கடைக்கு வந்தார். பத்துக்கு எட்டு அளவில் அடித்துக் கொடுத்தேன். சிலை பின்னால் போய்விட்டது, முன்னால் அடிக்கச் சொன்னவருடைய கும்பிட்ட கை.

ஆனால் கறுப்பு வெள்ளைப் படத்தை அன்றைக்குத்தான் பார்க்கிறேன். கோஷ்டத்தின் ஓரத்துத் தூண், கீழே கல் வரி. அந்த வரிக்குக் கீழேதான் என் முதுகு இருந்தது. இத்தனை வருஷம் கழித்து இரண்டு விரலை விரித்துப் பெரிதாக்கிப் பெரிதாக்கி அம்மையப்பனைப் பார்த்தேன். வலப்பக்கம் தோள் நேராக நிற்க, இடப்பக்கம் இடுப்பு மெல்ல ஒடிந்து சரிகிறது. நடுவில் கோடு என்று ஒன்றில்லை, எங்கே அப்பா முடிந்து எங்கே அம்மா ஆரம்பிக்கிறாள் என்று விரல் வைத்துக் காட்ட முடியாது. ரேபினின் பையன் கழுத்தைத் திருப்பியதற்கு நான் அவ்வளவு ஆச்சரியப்பட்டிருக்கிறேன்.

“நீங்க நேர்ல பாத்திருக்கீங்களா தாத்தா? இப்ப அங்க இருக்கறது புதுச் சிலையாமே.”

“பாத்திருக்கேன்” என்று சொல்ல வாய் வந்தது. வாரா வாரம் அங்கேதான் உட்கார்ந்திருந்தேன், அதை மட்டும் சொன்னேன். அவளுக்குக் கண் விரிந்தது. “அப்ப வரைஞ்சிருப்பீங்களே!”

வீட்டுக்குப் போய்ப் பரண்மேல் ஏறி, பழைய ஓவிய நோட்டைக் கடைக்கு எடுத்துவந்து புரட்டினாள். படகு, கயிறு, தாடி, மறுபடி படகு. ஒரு பக்கத்தில் மாஸ்கோ கிரெம்ளின் கோபுரம் இருந்தது. பழமலைநாதர் கோபுரம் ஐந்தில் ஒன்றுகூட இல்லை.

“இந்த சிலையப் பத்தி ஒண்ணுமே ஞாபகம் இல்லியா?”

யோசித்துப் பார்த்தேன். கல்லின் குளிர்ச்சி ஞாபகம் இருக்கிறது. அப்புறம் எண்ணெய். விளக்கு எண்ணெயும் சாமிக்குச் சாத்துகிற எண்ணெயும் சேர்ந்து சுவர் வழியாக வழிந்திருக்கும். சாய்ந்து எழுந்தால் பள்ளிக்கூடத்து வெள்ளைச் சட்டையின் முதுகில் பெரிதாக ஒரு கறை. சவுக்காரம் போட்டாலும் போகாது. வாராவாரம் அதற்காக அம்மாவிடம் அடி வாங்கியிருக்கிறேன். சோழர் காலத்துச் சிலையைப் பற்றி எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

அவள் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு கல்லாவுக்குப் பக்கத்தில் கிடந்த, பிளக்ஸ் அளவு குறித்துவைக்கிற சீட்டுக் கட்டை இழுத்து, பின்பக்கத்தைத் திருப்பி, ஒரு பையன் சட்டையை முதுகுப் பக்கமாகப் போட்டாள். காலர், தோள் தையல், கசங்கல். கோட்டில் சிக்கனம் இருந்தது. வாத்தியார் பார்த்திருந்தால் மகிழ்ந்திருப்பார். பென்சிலைப் படுக்கவைத்துத் தேய்க்கப் போனவள் நிறுத்திக் கேட்டாள்.

“கறை எந்தப் பக்கம் தாத்தா? வலமா, இடமா?”

எனக்கு நிச்சயமாகத் தெரியவில்லை. “அம்மா அடிச்ச பக்கம் இடம்” என்றேன்.

இடப்பக்கம் தேய்க்க ஆரம்பித்தாள். வெளியே காதுகுத்துக்காரர் வந்து நின்று, சிங்காசனத்துக்கு இன்னும் கொஞ்சம் தங்கம் கூட்டச் சொன்னார்.